கடைவாய்ப் பல்லும் கடைசி மருந்தும்

அம்பத்தூர் எஸ்டேட்டில் இரண்டாம் ஷிப்ட் முடிந்து ஆட்கள் வெளியே வரும்போது இரவு பத்து மணி தாண்டியிருக்கும். அந்நேரம் பல் மருத்துவமனைகளின் ஷட்டர் இறங்கிவிடும், மெடிக்கலில் மட்டும் விளக்கு எரியும். ஒரு பக்கக் கன்னத்தை உள்ளங்கையில் தாங்கியபடி ஒருவர் வந்து நிற்பார். "அண்ணே, பல்லு உயிர் போகுது. ரெண்டு நாளைக்கு மாத்திரை குடுங்க. கொஞ்சம் பவரா குடுங்க."

டாக்டர் சீட்டு எங்கே என்ற கேள்வி வராது. கத்தரி அட்டையை வெட்டும். ஆறு அமாக்சிசிலின், ஆறு மெட்ரோனிடசோல், நாலு வலி மாத்திரை, வயிறு எரியாமல் இருக்க ஒரு கேஸ் மாத்திரை. மறுநாள் மதியத்துக்குள் வலி இறங்கிவிடும். ஒரு நாள் லீவு மிச்சம், சம்பளமும் பிடிக்கப்படாது. மீதி மாத்திரைகள் சாமி படத்துக்குப் பக்கத்தில் இருக்கும் டப்பாவுக்குப் போகும். மூன்று மாதம் கழித்து அதே பல், அதே வலி, அதே கடை.

ஆவடி, அம்பத்தூர், பாடி, பூந்தமல்லி என்று தொழிற்சாலைகளை ஒட்டி வளர்ந்த எந்த ஊரிலும் இந்தக் காட்சி புதிதல்ல. அந்த மனிதரைக் குற்றவாளியாக்கிப் பேசுவதில் பயனில்லை. அவருக்கு வலிக்கிறது, மறுநாள் வேலைக்குப் போக வேண்டும், கையில் இருக்கும் காசுக்கு மாத்திரைதான் கிடைக்கிறது. ஆனால் அந்தக் காகித உறைக்குள் இருந்த ஆன்டிபயாடிக் அவருடைய பல்லுக்கு ஏதாவது செய்ததா என்று பார்த்தால், பெரும்பாலும் எதுவும் செய்யவில்லை.

ஏன் என்று புரிய, பல்லுக்குள் கொஞ்சம் எட்டிப் பார்க்க வேண்டும். பல்லின் மேல் ஓடான எனாமல், மனித உடம்பிலேயே மிகக் கடினமான பொருள். அதற்கு உள்ளே டென்டின். அதற்கும் உள்ளே, பென்சிலுக்குள் கரிக்குச்சி இருப்பதுபோல, பற்கூழ் இருக்கிறது. நரம்பும் ரத்தக் குழாயும் அதில்தான். சொத்தை அதுவரை இறங்கிவிட்டால் பற்கூழ் அழன்று வீங்கும். கையில் கட்டி வந்தால் தோல் விரிந்து இடம் கொடுக்கும். பல்லுக்குள் விரிய இடம் ஏது? நாலா பக்கமும் சுவர். வீக்கம் அந்தச் சுவர்களுக்கு நடுவே நரம்பை நெரிக்கிறது. ராத்திரி படுத்தால் தலைக்கு ரத்தம் கூடுதலாக ஏறி வலி இன்னும் தெறிக்கிறது.

அதே நெரிப்பில் ரத்தக் குழாயும் நசுங்குகிறது. வேரின் நுனியில் இருக்கும் நூலிழை அளவுத் துளை வழியாகத்தான் பல்லுக்கு ரத்தம் வர வேண்டும். அது அடைபட்டால் பற்கூழ் செத்துவிடும், நரம்பும் சேர்ந்து சாகும். பல பேருக்கு நாலைந்து நாளில் வலி "தானாக" அடங்குவதற்கு இதுவே காரணம். மாத்திரை வேலை செய்துவிட்டது என்று அவர்கள் நினைத்துக்கொள்கிறார்கள். உள்ளே நடந்ததோ ஒரு சாவு. செத்த கூழில் கிருமிகள் குடியேறி, வேர் வழியாகத் தாடை எலும்புக்குள் இறங்கிச் சீழ் கட்டுவதற்கு இனி தடை எதுவும் இல்லை.

விழுங்கிய மாத்திரை வயிற்றில் கரைந்து, ரத்தத்தில் கலந்து, ரத்தம் போகும் இடங்களுக்கு மட்டுமே போகும். பற்கூழ் உயிரோடு அழன்றுகொண்டிருக்கும் கட்டத்தில் தொல்லை கொடுப்பது அழற்சி. ஆன்டிபயாடிக்கோ கிருமியைக் கொல்லும் மருந்து, அழற்சியை அது தணிக்காது. கூழ் செத்துக் கிருமிகள் உள்ளே நிறைந்த பிறகு, அங்கே மருந்தைக் கொண்டுபோக ரத்த ஓட்டமே இல்லை. முதல் கட்டத்தில் மருந்துக்கு வேலை இல்லை, இரண்டாம் கட்டத்தில் வழி இல்லை.

இதைச் சோதித்தும் பார்த்திருக்கிறார்கள். 2000ஆம் ஆண்டில் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், பற்கூழ் அழற்சியோடு வந்த 40 பேரில் பாதிப் பேருக்கு ஏழு நாள் பெனிசிலின், மீதிப் பேருக்கு மருந்தே இல்லாத போலி மாத்திரை தரப்பட்டது. யாருக்கு எது என்று அவர்களுக்குத் தெரியாது. இரு தரப்புக்கும் வலியில் வேறுபாடு இல்லை. விழுங்கிய வலி மாத்திரைகளின் எண்ணிக்கைகூட ஏறக்குறைய ஒன்றேதான். சிறிய ஆய்வுதான். ஆனால் உலகெங்கும் மருத்துவச் சான்றுகளைச் சல்லடையிட்டுப் பார்க்கும் காக்ரேன் குழு, இந்தக் கேள்விக்குத் தேறிய ஆய்வாக இதைத்தான் எடுத்துக்கொண்டது. 2019இல் அமெரிக்கப் பல் மருத்துவச் சங்கம் வெளியிட்ட வழிகாட்டி நெறியும் அதையே சொல்கிறது: பல்வலிக்கும் வாய்க்குள் அடங்கிய வீக்கத்துக்கும் பெரும்பாலான நேரங்களில் ஆன்டிபயாடிக் வேண்டாம், பல்லுக்குச் செய்ய வேண்டிய சிகிச்சையைச் செய்யுங்கள்.

அந்தச் சிகிச்சை கைவேலை. பல்லைத் திறந்து, செத்த கூழைச் சுரண்டி எடுத்து, வேர்க் குழாயைக் கழுவி அடைப்பது ஒரு வழி. ரூட் கெனால் என்று ஊரெல்லாம் சொல்வது இதைத்தான். ஈறில் சீழ் கோத்திருந்தால் கீறி வடிக்க வேண்டும். காப்பாற்ற முடியாத பல்லைப் பிடுங்க வேண்டும். அடைத்துக்கொண்ட சாக்கடைக்குப் பினாயில் ஊற்றினால் நாற்றம் குறையும், அடைப்பு போகாது. குச்சி விட்டுத்தான் ஆக வேண்டும்.

அதுவரை வலிக்கு? பாராசிட்டமாலும் இபுப்ரோஃபெனும் சேர்ந்து பல்வலிக்கு நன்றாகவே கேட்கும். ஆனால் வயிற்றுப்புண், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் இபுப்ரோஃபெனைத் தாங்களாக எடுக்கக் கூடாது. மழைக்காலத்தில் காய்ச்சலோடு பல்லும் வலித்தால் இன்னும் எச்சரிக்கை வேண்டும். டெங்குவாக இருந்துவிட்டால் இபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக் வகை மாத்திரைகள் ரத்தக் கசிவைக் கூட்டிவிடும்.

சரி, வேலை செய்யாத மாத்திரையை விழுங்கினால் பத்து இருபது ரூபாய்தானே நட்டம் என்று கேட்கலாம். பல்லுக்குள் போக முடியாத மருந்து உடம்பின் மற்ற எல்லா இடத்துக்கும் போகிறது. குடலில் கோடிக்கணக்கான நல்ல பாக்டீரியாக்கள் குடியிருக்கின்றன. மருந்துக்கு அடங்கியவை செத்துவிடும், அடங்காத சில பிழைத்து அந்த இடத்தைப் பிடித்துக்கொள்ளும். பாக்டீரியாக்களுக்கு இன்னொரு வித்தை தெரியும். மருந்தை முறியடிக்கும் மரபணுவைத் தன் வாரிசுக்கு மட்டுமின்றிப் பக்கத்தில் இருக்கும் வேறு இனத்துக்கும் கைமாற்றிக் கொடுக்கும். ஒருமுறை ஆன்டிபயாடிக் எடுத்தவரின் உடம்பில் இப்படிப்பட்ட எதிர்ப்பு பாக்டீரியாக்கள் முதல் மாதத்தில் மிக அதிகமாகவும், சிலருக்குப் பன்னிரண்டு மாதம் வரைக்கும் இருக்கக்கூடும் என்று 2010இல் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் வந்த தொகுப்பாய்வு காட்டியது. அந்த ஒரு வருடத்துக்குள் அவருக்கே சிறுநீர்த் தொற்றோ அறுவை சிகிச்சையோ வந்தால், முதலில் கொடுக்கும் மருந்து கேட்காமல் போகலாம்.

சென்னைக்கு இந்தக் கதை தூரத்துச் செய்தி அல்ல. 2010 ஆகஸ்டில் லான்செட் தொற்றுநோய் இதழில் ஒரு கட்டுரை வந்தது. அதன் முதல் ஆசிரியர் கார்த்திகேயன் குமாரசாமி, சென்னைப் பல்கலைக்கழகத்தின் தரமணி வளாகத்தில் உள்ள டாக்டர் ஏ.எல்.எம். அடிப்படை மருத்துவ அறிவியல் நிறுவனத்தைச் சேர்ந்தவர். கார்டிஃப் பல்கலைக்கழகத்தின் டிமதி வால்ஷோடும் மற்றவர்களோடும் சேர்ந்து அவர் ஆராய்ந்தது என்.டி.எம்–1 என்ற நொதியை. பெனிசிலினுக்கும் அதன் வழிவந்த மருந்துகள் பலவற்றுக்கும் நடுவில் ஒரு வேதி வளையம் உண்டு. மருந்தின் உயிர்நாடி அது. என்.டி.எம்–1 அந்த வளையத்தை அறுத்துவிடுகிறது. வேறு எதுவும் கேட்காதபோது ஐ.சி.யூ.வில் கடைசியாக எடுக்கும் கார்பபெனெம் மருந்துகள்கூட அதனிடம் தோற்றன. அந்தக் கட்டுரையில் இருந்த கணக்கு: சென்னையில் 44 கிருமி மாதிரிகள், ஹரியானாவில் 26, பிரிட்டனில் 37, இந்தியா, பாகிஸ்தானின் மற்ற இடங்களில் 73.

நொதியின் பெயரில் உள்ள 'என்.டி.' என்பது நியூ டெல்லி. அப்படிப் பெயர் வைத்ததில் டெல்லிக்குக் கோபம் வந்தது. மருத்துவச் சுற்றுலாவைக் கெடுக்கும் சதி என்றுகூடப் பேச்சு எழுந்தது. பெயர் பற்றிய சண்டை ஓய்ந்த பிறகு சென்னையிலிருந்தே ஒரு நல்ல காரியம் நடந்தது. 2012 ஆகஸ்டில் நாட்டின் முக்கிய மருத்துவச் சங்கங்கள் இங்கே கூடி 'சென்னைப் பிரகடனம்' என்ற செயல்திட்டத்தை உருவாக்கின. அதை ஒருங்கிணைத்தவர் தொற்றுநோய் மருத்துவர் அப்துல் கஃபூர். எல்லா ஆன்டிபயாடிக்கையும் ஒரே நாளில் சீட்டுக்குள் பூட்டிவிடலாம் என்று அவர்கள் சொல்லவில்லை. டாக்டரே எட்டாத கிராமத்தில் அப்படிச் செய்தால் நிமோனியா வந்த குழந்தைக்கு மருந்து கிடைக்காமல் போகும். அதனால் கடைசி வரிசை மருந்துகளிலிருந்து தொடங்கிப் படிப்படியாகக் கட்டுப்படுத்தச் சொன்னார்கள். நிறைவேற்ற முடிந்ததைக் கேட்ட திட்டம் அது. அதனாலேயே அதற்கு மதிப்பு.

அடுத்த ஆண்டே மத்திய அரசு, சீட்டோடு மட்டும் விற்று, கணக்கும் வைக்க வேண்டிய மருந்துகளின் ஹெச்–1 பட்டியலை அறிவித்தது. 2014 மார்ச் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. அப்போது அதில் மொத்தம் 46 மருந்துகள். பல்வலிக்குச் சர்வசாதாரணமாகக் கைமாறும் செஃபிக்சிம், செஃப்போடாக்சிம் தலைமுறை மருந்துகள் அதில் உண்டு. இவற்றை விற்றால் எழுதிய டாக்டர் பெயர், நோயாளி பெயர், எத்தனை மாத்திரை என்பதைத் தனிப் பதிவேட்டில் எழுதி மூன்று ஆண்டு வைத்திருக்க வேண்டும். அமாக்சிசிலின், மெட்ரோனிடசோல் இந்தப் பதிவேட்டுக்குள் வருவதில்லை. ஆனால் அவையும் ஹெச் பட்டியல் மருந்துகள்தான், சீட்டில்லாமல் விற்கக் கூடாது. மருந்து அட்டையின் ஓரத்தில் சிவப்புக் கோடு ஓடுவதைப் பலர் கவனித்திருக்கலாம். டாக்டர் எழுதாமல் இதை வாங்காதீர்கள் என்று அதற்கு அர்த்தம். 2016இல் சுகாதார அமைச்சகம் அதைப் பிரச்சாரமாகவே நடத்தியது. கோடு அச்சாகிறது. கத்தரி அதன் மேலேயே ஓடுகிறது.

பல் மருத்துவர்களுக்கும் இதில் பங்கு உண்டு. பல நாடுகளில் மருத்துவமனைக்கு வெளியே எழுதப்படும் ஆன்டிபயாடிக்கில் சுமார் பத்தில் ஒன்று பல் மருத்துவர் கையெழுத்தில் போகிறது. அவர்களுடைய தரப்பிலும் ஒரு நெருக்கடி இருக்கிறது. மாத்திரை எழுதாமல் அனுப்பினால், "ஒண்ணுமே எழுதிக் குடுக்கலையே, இவருக்குத் தெரியலையோ" என்று நோயாளி தெருவின் அடுத்த போர்டைப் பார்க்கிறார். பல்லைப் பிடுங்கிய பிறகு சீழ் பிடித்துவிட்டால் பழி தனக்கு வரும் என்ற பயம் வேறு. அதனால் "எதுக்கும் இருக்கட்டும்" என்று ஐந்து நாள் எழுதிவிடுவது வழக்கமாகிவிட்டது. கடைசியில் முளைக்கும் ஞானப்பல்லைப் பிடுங்கியவர்களை வைத்து காக்ரேன் 2021இல் போட்ட கணக்கு இதற்குப் பதில் சொல்கிறது. ஒருவருக்குத் தொற்று வராமல் தடுக்க 19 பேருக்கு ஆன்டிபயாடிக் கொடுக்க வேண்டியிருக்கிறது. மற்ற 18 பேர் பலன் இல்லாமல் மருந்தால் தீங்கு வரும் அபாயத்தை மட்டும் சுமக்கிறார்கள். ஆரோக்கியமானவர்களுக்கு இது தேவைப்படாது என்பதே அந்த ஆய்வின் தீர்ப்பு.

எந்த மருந்து என்பதும் முக்கியம். உலக சுகாதார நிறுவனம் 2017இல் ஆன்டிபயாடிக்குகளை மூன்று அறைகளாகப் பிரித்தது. முதல் அறையில் இருப்பவை எங்கும் எளிதாகக் கிடைக்க வேண்டியவை. அடுத்தது கண்காணித்துத் தர வேண்டியவை, மூன்றாவது கடைசி நேரத்துக்குப் பூட்டி வைக்க வேண்டியவை. அமாக்சிசிலினும் மெட்ரோனிடசோலும் முதல் அறையில் உள்ளன. பல் தொற்றுக்கு உண்மையிலேயே ஆன்டிபயாடிக் தேவைப்பட்டால்கூட அநேகமாக இந்த முதல் அறையைத் தாண்ட வேண்டியதில்லை. அப்படியிருக்க, நம் ஊரில் வயிற்றுப்போக்குக்குப் பேர்போன ஆஃப்லாக்சசின்–ஆர்னிடசோல் கூட்டு மாத்திரை பல்வலிக்கும் சகஜமாகப் புழங்குகிறது. 'பவர்' என்று கேட்டால் கிடைப்பது பெரும்பாலும் இதுதான்.

ஆஃப்லாக்சசின் இரண்டாம் அறை மருந்து. அதன் உறவுக்கார மருந்துகளான லீவோஃபிளாக்சசினும் மாக்சிஃபிளாக்சசினும், வழக்கமான மருந்துக்கு அடங்காத காசநோய்க்கு நம்மிடம் இருக்கும் முக்கிய ஆயுதங்கள். தனக்குக் காசநோய் இருப்பதே தெரியாத ஒருவர் பல்வலிக்காக ஐந்து நாள் ஆஃப்லாக்சசின் விழுங்கினால், நுரையீரலில் இருக்கும் கிருமி பாதி அடங்கிச் சோதனைக்குச் சிக்காமல் போகலாம். மிஞ்சிய பாதி அந்த மருந்துக்குப் பழகிக்கொள்ளலாம். காசநோய் இன்னும் ஓயாத நாட்டில் ஒரு கடைவாய்ப் பல்லுக்காக இந்த ஆயுதத்தை மழுக்குவது பெரும் தவறு.

காசநோய் என்றதும் சென்னை நினைவுக்கு வர வேண்டும். 1956இல் சேத்துப்பட்டில் தொடங்கிய காசநோய் ஆய்வு மையம், நோயாளி சானடோரியத்தில் படுத்திருக்கத் தேவையில்லை, வீட்டிலேயே சரியான மருந்தை ஒழுங்காக எடுத்தால் போதும் என்று 1959இல் உலகத்துக்கு நிரூபித்தது. மாத்திரையைப் பாதியில் நிறுத்தாதே என்ற பாடம் இங்கே வீடுவீடாகப் பரவியதற்குக் காசநோய் ஒரு பெரிய காரணம். அந்தப் பாடம் காசநோய்க்கு இன்றைக்கும் முழுக்கப் பொருந்தும். பல்லுக்குக் கணக்கு வேறு. சீழை வடித்து, மூலத்தைச் சரிசெய்த பல்லுக்கு ஆன்டிபயாடிக் தேவைப்பட்டாலும் மூன்று நாள் போதும் என்கிறது உலக சுகாதார நிறுவனத்தின் 2022 கையேடு. எத்தனை நாள் என்பதை நோயாளி தானாக முடிவு செய்யக் கூடாது. மூன்றாம் நாள் பல் மருத்துவரிடம் காட்டிக் கேட்க வேண்டும். காட்டாமல் விட்டால் ஏழு நாள் அட்டையும் வீண்தான்.

ஆன்டிபயாடிக் கட்டாயம் தேவைப்படும் நேரங்களும் உண்டு, அவற்றில் தயங்கக் கூடாது. பல்வலியோடு காய்ச்சல், கன்னம் தாண்டிக் கண்ணுக்கோ கழுத்துக்கோ பரவும் வீக்கம், வாயைத் திறக்க முடியாமை, எச்சில் விழுங்கத் திணறல், நாக்கு மேலெழுந்து பேச்சு குழறுதல், தாடைக்குக் கீழே இரண்டு பக்கமும் கல்போல இறுகிய வீக்கம். இதில் கடைசியாகச் சொன்னவற்றை 1836இலேயே லுட்விக் என்ற ஜெர்மானிய மருத்துவர் விவரித்துவைத்தார். இவை சேர்ந்த நோய் சில மணி நேரத்தில் மூச்சுக் குழாயை அடைத்துவிடக்கூடியது. அந்த நிலையில் மெடிக்கலும் வேண்டாம், தெருமுனை கிளினிக்கும் வேண்டாம். 108ஐ அழைத்துப் பெரிய மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குப் போய்விட வேண்டும். சர்க்கரை கட்டுப்பாட்டில் இல்லாதவர்களுக்கு வீக்கம் வேகமாகப் பரவும் என்பதால் அவர்கள் இன்னும் முன்னாலேயே போக வேண்டும். இதயத்தில் செயற்கை வால்வு பொருத்தியவர்கள், இதய உட்சுவரில் முன்பு தொற்று வந்தவர்கள், சில பிறவி இதயக் கோளாறு உள்ளவர்களுக்குப் பல் பிடுங்குவதற்கு முக்கால் மணி நேரம் முன்பு ஒரே ஒரு வேளை அமாக்சிசிலின் தருவது நியாயம். அவர்கள் பல் மருத்துவரிடம் இதயத்தைப் பற்றி மறக்காமல் சொல்ல வேண்டும். ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் எடுப்பவர்களும் சொல்ல வேண்டும், மெட்ரோனிடசோல் அதோடு சேர்ந்தால் ரத்தக் கசிவு ஆபத்து உண்டு.

2019ஆம் ஆண்டில் மருந்துக்கு அடங்காத பாக்டீரியாக்களால் நேரடியாக இறந்தவர்கள் உலகத்தில் 12 லட்சத்து 70 ஆயிரம் பேர் என்று ஒரு பெரிய ஆய்வு மதிப்பிட்டது. இந்தியாவில் மட்டும் ஏறத்தாழ 2 லட்சத்து 97 ஆயிரம். பிரசவத்துக்குப் போன பெண், குறைமாதக் குழந்தை, கீமோதெரபி எடுத்துக்கொண்டிருந்தவர், விபத்தில் காலை உடைத்துக்கொண்டவர் என எல்லாரும் அதில் அடக்கம். பல்வலி மாத்திரை மட்டும் இதற்குக் காரணம் இல்லை. கோழிப் பண்ணை, மருந்துத் தொழிற்சாலைக் கழிவு, சளிக்கெல்லாம் எழுதப்படும் ஆன்டிபயாடிக் என்று பல கைகள் இதில் இருக்கின்றன. ஆனால் அவற்றில் பல்வலி மாத்திரைக்கு ஒரு தனித்தன்மை உண்டு. வீணாகும் மருந்துக்கு மாற்றுச் சிகிச்சை கையெட்டும் தூரத்தில் இருக்கிறது.

மேற்குச் சென்னைக்காரர்களுக்கு அது இன்னும் பக்கம். மதுரவாயலில் மீனாட்சி அம்மாள் பல் மருத்துவக் கல்லூரி, வேலப்பஞ்சாவடியில் சவீதா, முகப்பேர் கோல்டன் ஜார்ஜ் நகரில் தாய் மூகாம்பிகை, போரூரில் ஸ்ரீ ராமச்சந்திரா. சில கிலோமீட்டருக்குள் இத்தனை பல் மருத்துவக் கல்லூரிகள் நெருங்கி இருக்கின்றன. கல்லூரி மருத்துவமனைகளில் மாணவர்கள் ஆசிரியர்களின் மேற்பார்வையில் சிகிச்சை செய்வதால் தனியார் கிளினிக்கைவிடச் செலவு குறையும், நேரம்தான் கூடுதலாகப் பிடிக்கும். ஆவடியில் மின்சார ரயில் ஏறினால் சென்ட்ரலுக்குப் பக்கத்தில் 1953இல் தொடங்கிய அரசு பல் மருத்துவக் கல்லூரி இருக்கிறது. எஸ்டேட் தொழிலாளியின் பையில் இருக்கும் இ.எஸ்.ஐ. அட்டையும் பல்லுக்குச் செல்லும்.

தடையாக நிற்பது நேரம். பகலில் லீவு போட்டால் கூலி போகும். மாலை ஏழு மணிக்கு மேலும் அரசு, கல்லூரி மருத்துவமனைகளில் அவசரப் பல் பிரிவு ஒன்று இயங்கினால், தொழிற்சாலைகள் பல்வலிக்கு அரைநாள் அனுமதி கொடுத்தால், மெடிக்கல் வாசலில் நிற்கும் கூட்டத்தில் பாதி குறையும். சட்டத்தைக் கடுமையாக்குவதோடு இதையும் செய்ய வேண்டும். கேரளா 2024 ஜனவரியில் 'ஆபரேஷன் அம்ரித்' என்ற பெயரில் சீட்டில்லா விற்பனையைத் திடீர்ச் சோதனையால் பிடிக்கத் தொடங்கியது. தமிழ்நாடு அதைப் பின்பற்றும்போது, கடைக்காரரைப் பிடிப்பதற்கு முன்னால் வலியோடு வருகிறவருக்கு ஒரு கதவைத் திறந்துவைக்க வேண்டும்.

அடுத்த முறை கடைவாய்ப் பல் வலித்தால், அன்றிரவுக்கு வலி மாத்திரை மட்டும் போதும். காலையில் பஸ் ஏறி வேலப்பஞ்சாவடியிலோ மதுரவாயலிலோ இறங்கி ஓ.பி. சீட்டு போடுங்கள். டாக்டர் ஆன்டிபயாடிக் எழுதினால், "இது எதுக்கு சார், எத்தனை நாளைக்கு, பல்லுக்கு வேலை எப்போ ஆரம்பிப்பீங்க?" என்று கேளுங்கள். சாமி படத்துக்குப் பக்கத்து டப்பாவில் கிடக்கும் பழைய அட்டையைப் பிள்ளைக்கோ பக்கத்து வீட்டுக்கோ எடுத்துக் கொடுக்காதீர்கள்.